பில்லில் ஒரு பூஜ்யம்

ராஜபாளையம்,
கார்த்திகை மாதம், ஞாயிறு மதியம்.

அன்பு மகள் யோகேஸ்வரிக்கு, ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடைப்பட்ட பஸ் ரூட் முழுவதையும் கிரீடம் இல்லாமல் ஆண்டுவரும் உன் சித்தப்பா உக்கிரபாண்டி ஆசையோடு எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், யாருக்கும் காய்ச்சல் தலைவலி இல்லை. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அந்த நார்வே குளிரில் உறைந்துபோகாமல் நடமாடுகிறீர்கள் என்று ஒரு வரி வந்தால் எங்களுக்கு நிம்மதி. இங்கே மழை எம்புட்டு என்றால், அய்யனார் கோவில் அருவி நம்ம வாசல் வரைக்கும் வந்து உங்க அப்பா இருக்காரா என்று விசாரித்துவிட்டுப் போயிற்று. உன் சித்திக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது, அதைக் கொண்டாட மைசூர்பாகு கிண்டி, எனக்குத் தராமல் அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள். போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் வாயைத் திறந்ததும் உங்க அப்பா செல்லைப் பிடுங்கி, அங்கே இப்ப மணி என்ன, இங்கே இப்ப மணி என்ன என்று கேட்டே பேச்சை முடித்துவிடுகிறார். அதனால்தான் எழுதி, உன் தங்கச்சி கல்பனாவிடம் கொடுத்துப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லப்போகிறேன். அவளைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. படித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவாள், படிக்கட்டும்.

உன் தங்கச்சி பெங்களூர் வேலையை விட்டு வந்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் உங்க அப்பா விதைக்கடைக்கு மேல் மாடி அறையில் வெப்சைட் செய்து கொடுக்கும் தொழில் ஆரம்பித்தது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது, உங்க அப்பா போட்ட நிபந்தனை. தை பிறப்பதற்குள் இந்தத் தொழில் நின்று காட்ட வேண்டும், இல்லையென்றால் பெங்களூர் கம்பெனிக்காரர்கள் இன்னமும் கூப்பிடுகிறார்கள், பெட்டியைக் கட்டிக் கிளம்ப வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். பிள்ளையும் சரி என்று தலையை ஆட்டிவிட்டாள், ஆனால் அன்றிலிருந்து அவள் சாப்பிட்ட சாப்பாடு ஒரு குருவிக்குப் பத்தாது. அவள் நம்பி இருந்தது ஒரே வேலையைத்தான். நம்ம ஊரில் ஆஸ்பத்திரிகளுக்குப் பேண்டேஜ் துணி நெய்து அனுப்பும் அழகுராஜாவின் மில்லுக்கு வெப்சைட். அது நன்றாக அமைந்தால் இன்னும் ரெண்டு மில்லுக்காரர்கள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். மில்லிலேயே போய் நின்று, தறிச் சத்தத்தில் காது அடைத்து, எந்தத் துணி எந்த அளவில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறது என்று கேட்டுக் கேட்டுச் செய்தாள். முடித்து, ஒத்திகைக்கு ஒரு முகவரியில் நிறுத்திக் காட்டிவிட்டு, பில்லும் அனுப்பினாள். அங்கேதான் வினை.

உங்க அப்பா கடைப் பழக்கம் உனக்கு மறந்திருக்காது. விதை மூட்டையோடு கம்பெனி சும்மா கொடுக்கும் விதைநேர்த்தி மருந்துப் பொட்டலத்தைக்கூடப் பில்லில் ஒரு வரியாக எழுதி, எதிரே பூஜ்யம் போட்டுத்தான் கொடுப்பார். அதைப் பார்த்தே வளர்ந்த பிள்ளை, ராஜாவுக்கு அனுப்பிய பில்லிலும் முதல் வரியில் சாப்ட்வேர் என்று எழுதி எதிரே பூஜ்யம் போட்டுவிட்டாள். உலகம் முழுக்க ஆட்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கிடுங்க என்று விட்டு வைத்திருக்கிற ஓப்பன் சோர்ஸ் சாப்ட்வேராம் அது. அடுத்த வரியில் வேலைக் கூலி, ஒரு நல்ல கறவை மாட்டில் பாதி விலை. ராஜாவின் மருமகன் அந்தப் பூஜ்யத்தைப் பிடித்துக்கொண்டார். சும்மா கிடைக்கிற சாமானுக்கா இம்புட்டுக் கேட்கிறாள், நானே வீட்டில் உட்கார்ந்து இறக்கிவிடுவேன் என்று மாமனாரிடம் அவர்கள் வீட்டுத் தெலுங்கில் ஏதோ ஓதியிருக்கிறார். ராஜாவும் பில்லை மடித்து வைத்துவிட்டு நீயே செய் என்றுவிட்டார். விஷயம் மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கப் பரவி, வருவதாகச் சொன்ன ரெண்டு மில்லுக்காரர்களும் போனையே எடுக்கவில்லை. ஓசிச் சாமானை விற்கிற பிள்ளை என்று பேராகிவிட்டது யோகு.

அன்று சாயங்காலம் கடையில் மகாசபை கூட்டினோம். உங்க அப்பா அந்தப் பூஜ்ய வரியை எடுத்துவிட்டுப் புது பில் போடச் சொன்னார். நான் அதற்கும் மேலே போய், சாப்ட்வேருக்கு விசுவரூப மகா சக்கரப் பதிப்பு என்று ஒரு பேர் வைத்து, எதிரே பெரிய தொகையாகப் போட்டு, கூலியைப் பூஜ்யமாக்கிவிடு, கையெடுத்துக் கும்பிட்டுத் தருவான் என்று யோசனை சொன்னேன். எனக்கு அது பெரிய ராஜதந்திரமாகத்தான் பட்டது. கல்பனா என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. உங்க அப்பாவைப் பார்த்து, மருந்துப் பொட்டலத்துக்கு நீங்க காசு போட்டிருக்கீங்களாப்பா என்று மட்டும் கேட்டாள். அவர் மிளகாய் விதை டப்பாக்களை இடம் மாற்றி வைக்க ஆரம்பித்தார். ஒழுங்காக இருந்த டப்பாக்கள்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. மறுவாரம் அழகுராஜா பேரனுக்கு அய்யனார் கோவிலில் மொட்டை, ஊரே திரண்டிருந்தது, கூட்டத்தைப் பார்த்துக் குரங்குகளே இடமில்லாமல் தேனிப் பக்கம் குடிபெயர்ந்தன. சமையல் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆவுடையப்பன். ராஜா காதில் விழட்டும் என்று நான் அடுப்புப் பக்கம் போய் உரக்கக் கேட்டேன், அரிசி பருப்பு ராஜா வீட்டுது, விறகும் அவர் வீட்டுது, பாத்திரம் வாடகை, தண்ணி ஓடையிலே சும்மா போகுது, நீர் ஒரு கரண்டியோட வந்துட்டு எதுக்குய்யா கூலி கேட்கீரு என்று. ஆவுடையப்பனிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்க வேண்டும், விட்டுவிட்டேன். மனுசன் கரண்டியை என் கையில் திணித்துவிட்டு, அப்ப நீரே கிண்டும் என்று பாறையில் போய் உட்கார்ந்துகொண்டார். அந்தச் சாம்பார் அண்டாவைப் பற்றி என்ன சொல்ல, பாற்கடலைக் கடையத் தேவர்களும் அசுரர்களும் இருந்தார்கள், இங்கே நான் ஒருத்தன். ராஜா ஓடிவந்து ஆவுடையப்பனைத் தாங்கிப்பிடித்து எழுப்பி, பிறகு என்னிடம் வந்தார். உக்கிரம், இது எதுக்கான கூத்துன்னு எனக்குத் தெரியும், சாம்பாரை நான் வாயில வச்சுப் பார்த்துக்கிடுவேன், அந்தப் பிள்ளை செஞ்சதை எந்த வாயில வச்சுப் பார்க்க என்று கேட்டாரே பார்க்கலாம். நான் கரண்டியை ஆவுடையப்பனிடம் கொடுத்துவிட்டு இலை போடப் போய்விட்டேன். நானே இலை போடப் போனேன் என்றால் நிலைமையை நீயே யோசித்துக்கொள்.

அதற்குள் மருமகன் வெப்சைட்டை இறக்கிவிட்டார். சும்மா கிடைக்கிற டிசைன்களில் அழகாக இருந்ததை எடுத்திருக்கிறார், அது ஓட்டலுக்குச் செய்த டிசைன். இன்றைய சிறப்பு என்று எழுதி அடியில் பேண்டேஜ் சுருள் படம். கொச்சியிலிருந்து ஒரு ஆஸ்பத்திரி சரக்கு கேட்டு அதில் எழுத, நாலு பேருக்கு ஜன்னலோர மேசை ஒதுக்கியாயிற்று, குறித்த நேரத்துக்கு வரவும் என்று அதுவாகவே பதில் அனுப்பிவிட்டது. ஆஸ்பத்திரிக்காரர்கள் போன் போட்டு, நீங்கள் நடத்துவது மில்லா மெஸ்ஸா என்று கேட்டார்களாம்.

மறுநாள் ராஜா தானே காரை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்து மாடி ஏறினார், நான் பின்னாலேயே ஏறினேன். கல்பனா அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள், மருமகன் கதையைக் கிளறவே இல்லை. ராஜாதான் தொண்டையைச் செருமிக்கொண்டு, சாப்ட்வேர் சும்மான்னா நான் எதுக்குப் பாப்பா உனக்குக் கொடுக்கணும், நீயே சொல்லு என்றார்.

"சாப்ட்வேருக்கு நான் ஒரு பைசா வாங்கலை ஐயா. உங்க தறிக்குப் பக்கத்துல நின்னு, உங்ககிட்ட வாங்க வாரவன் முதல்ல எதைத் தேடுவான்னு யோசிச்சதுக்குத்தான் கூலி. நாளைக்கு என்னைப் பிடிக்கலையா, சாவியை, அதான் பாஸ்வேர்டை, தந்துடுதேன், வேற ஆளை வச்சுக்கிடுங்க. பூட்டு உங்களோடது. அதைச் சொல்லத்தான் அந்தப் பூஜ்யம்."

நீ இல்லாமலும் ஓடுமா என்று கேட்டார். ஓடும் என்றாள். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன், எந்த வியாபாரியாவது இப்படிச் சொல்வானா. ஆனால் ராஜா நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். முன்னே வெளியூர்க்காரன் ஒருத்தன் அவருக்கு வெப்சைட் போட்டுக் கொடுத்து, வருஷா வருஷம் வாடகையை ஏற்றி, ஏன் என்று கேட்டதற்கு மொத்தமாக மூடிவிடுவேன் என்று மிரட்டி, அப்படியே மூடியும் விட்டானாம். அதைச் சொல்லிவிட்டு, பில்லை எடுத்து நீவி மேசையில் வைத்து, ஒரு எழுத்துகூட மாற்றாமல் முழுக் கூலியையும் செல்லிலேயே அனுப்பினார். வருஷம் முழுக்கப் பார்த்துக்கொள்ள என்ன கூலி என்றும் கேட்டுக்கொண்டு போனார். மற்ற ரெண்டு மில்லுக்காரர்களில் ஒருத்தர் போனை எடுத்துவிட்டார், இன்னொருத்தர் இன்னும் யோசிக்கிறார், யோசிக்கட்டும்.

உங்க அப்பா கீழேயே இருந்தார். கடை அடைக்கிற நேரம் மாடி ஏறி வந்து, வாடிக்கையாளர் நாற்காலியில் முதுகு வளையாமல் உட்கார்ந்து, நம்ம விதைக்கடைக்கும் ஒண்ணு போடணும், எம்புட்டு ஆகும் என்றார். பிள்ளை சொன்னாள். மகள் வீட்டு விலை கிடையாதா என்று இழுத்துப் பார்த்தார், கிடையாது என்றாள். அவர் பேரம் பேசித் தோற்றதை என் ஆயுசில் பார்த்தேன் யோகு, இனி நான் காசிக்குப் போக வேண்டியதில்லை. நேற்று பெங்களூர் கம்பெனி மறுபடியும் கூப்பிட்டது. கல்பனா குளிக்கப் போயிருந்ததால் உங்க அப்பாவே செல்லை எடுத்தார். பிள்ளைக்கு இங்க கைநிறைய வேலை கெடக்கு, அவ வர மாட்டா, வேற ஆளைப் பாருங்க என்று சொல்லிவிட்டு வைத்தார். அவள் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது யார் போனில் என்று கேட்டாள், ராங் நம்பர் என்றார்.

நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல், கைநிறையச் சம்பாதித்து, வாய்நிறையச் சிரித்து நூறாண்டு இருக்க வேண்டும். காதை மூடாமல் வெளியே போகாதே, பேரனுக்குத் தமிழில் திட்டு. முக்கியமான ஒன்று, அங்கே உங்கள் தமிழ்ச் சங்கத்துக்குக் கல்பனாவிடம் சும்மா ஒரு வெப்சைட் வாங்கிக் கொடு என்று மாப்பிள்ளை உன்னிடம் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். தாராளமாகச் செய்வாள் தாயி, சாப்ட்வேர் பூஜ்யம்தான். கூலியை மட்டும் முதலிலேயே அனுப்பிவிடச் சொல்.

ஆசீர்வாதங்களுடன்,
சாம்பார் கிண்டிய தோள்வலி இன்னும் தீராத உன் சித்தப்பா,
உக்கிரபாண்டி