சாவி அவள் கழுத்தில்

தங்கச்சிக்கு,

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாகத்தான் இருக்கும்.

ஒண்டியாகப் படகு ஓட்ட முடியவில்லை என்று, என் பேத்தி ஹெட்டியைத் துணைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறாய். டட்லி கால்வாயில் இப்போதும் களை அப்படியேதான் மண்டிக் கிடக்கிறதாம்.

நாம் இருவரும் போன அன்றைக்கும் படகுக்கு அடியில் சுழலும் விசிறியில் களை சுற்றிக்கொண்டது. பின்தளத்து மூடியைத் திறந்து தண்ணீருக்குள் தோள்வரை கையை விட்டேன். கையை விடுகிறவளிடம்தான் எஞ்சின் சாவி இருக்க வேண்டும். படகில் பிறந்த நமக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"சாவியக் குடுடி" என்றேன்.

"எம்புருசன் வாங்குன படகு. நீ வாய மூடிட்டு களையப் புடுங்கு."

"உம்புருசனா? தண்ணியப் பாத்தாலே வாந்தி எடுப்பானே!" என்று சிரித்தேன்.

எஞ்சின் உறுமியது. அறுந்த களையோடு என் வலது கையின் மூன்று விரல்களும் போயின, தண்ணீர் சிவந்தது. கை தவறிச் சாவியில் பட்டுவிட்டது என்று போலீஸிடம் அழுதாய். முப்பத்தொரு வருஷமாக நானும் மறுத்துப் பேசவில்லை.

ஹெட்டி சனிக்கிழமை வருகிறாள். எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டேன். களை சுற்றினால் கையை விடப்போவது நீ. சாவி அவள் கழுத்தில் தொங்கும். அவளைச் சீண்டாதே. அவளுக்கு உன் கோபம்.

எதையும் மறக்காத
உன் அக்கா