மாமாவின் ஏலமும் என் மொழியறிவும்

2 பிப்ரவரி 2025, ஞாயிறு
மாமனார் வீட்டில் மதியச் சாப்பாடு. வாயை அடக்கத் தெரியாதவனுக்குக் கல்லூரியில் தமிழ் வாத்தியார் வேலை கொடுத்தது யார் குற்றம்? திரேஸ்புரம் கரையில் நாற்பது வருடமாக மீன் ஏலம் கூறுகிற பர்னபாஸ் மாமாவிடம், சீலாமீன் குழம்பைப் பிசைந்துகொண்டே, “ஏலம் தமிழ்ச் சொல்லே இல்லை மாமா, போர்ச்சுகீசியம்” என்றேன். அதோடு விட்டேனா? இந்தியில் ‘நீலாம்’, மலையாளத்தில் ‘லேலம்’, மலாயில் ‘லெலோங்’ என்று எல்லாவற்றையும் இலையில் பரப்பினேன்.

“அப்ப நாப்பது வருஷமா எவன் பாஷையிலயோ கத்திக்கிட்டுக் கெடக்கேன்” என்றார். பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டார்.

3 பிப்ரவரி, திங்கள்
வரும் ஞாயிறு மகள் ஆனிக்குப் புதுநன்மை; முதன்முதலாக நற்கருணை வாங்குகிறாள். மாமா வரமாட்டாராம். டயானா தோசையைத் திருப்பிக்கொண்டே சொன்னாள்: “எங்கப்பா வரலன்னா நீங்களும் கோயிலுக்கு வர வேண்டாம்.”

பெற்ற மகளின் புதுநன்மைக்கு! செய்தாலும் செய்வாள். பயமாக இருக்கிறது.

5 பிப்ரவரி, புதன்
புத்தகத்தில் ஒரு வழி கிடைத்தது. போர்ச்சுகீசியருக்கே அந்தச் சொல் அரபியிலிருந்து வந்ததாம். எல்லாரும் அறியச் சொல்வது என்று பொருள். ஓடிப்போய் மாமாவிடம் சொன்னேன். அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

7 பிப்ரவரி, வெள்ளி
மானம் கப்பலேறிவிட்டது.

மாமா ஏலம் கூறுகிற மீனை நானே எடுத்தால் மனம் குளிர்வார் என்று காலையில் கரைக்குப் போனேன். ஒரு கூடை பாறைமீனுக்கு உரக்க விலை கேட்டேன். கூட்டம் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. ஏலம் கூறுகிறவரின் வீட்டார் அவர் ஏலத்தில் கேட்கவே கூடாதாம்; சொந்தக்காரனுக்குத் தள்ளிவிட்டார் என்று பேச்சு வந்துவிடும். நாற்பது வருடத்தில் ஒருத்தர் கேட்டதில்லை. கரையில் நிற்கிற காக்கைக்குக்கூடத் தெரியும் போல. எனக்குத்தான்—

“யாரு அண்ணாச்சி இது?” என்றார் வியாபாரி பேச்சிமுத்து.

மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, “என் மருமவன்தான். படிச்ச பய, ஒண்ணும் தெரியாது. பொறுத்துக்கிடுங்க. மொதல்ல இருந்து கேளுங்க” என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். ஐந்து நாள் கழித்து என்னை மருமவன் என்கிறார்! அத்தனை பேர் நடுவே எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கங்கெட்டவன்.

9 பிப்ரவரி, ஞாயிறு
மாமா வந்தார். பூசைக்கு எனக்கு முன்னாலேயே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மத்தியானம் பந்தியில் சொந்தக்காரர்களிடம் விளக்கிக்கொண்டிருந்தார்.

“ஏலம்னா சும்மா இல்ல பாத்துக்கோ. பாரசீகத்துல, ஊரறியச் சொல்லுததுனு அர்த்தம். வெள்ளைக்காரனே அங்கன இருந்துதான் எடுத்தான். எங்க மருமவன் கண்டுபிடிச்சது.”

பாரசீகம் இல்லை, அரபி. நான் கண்டுபிடித்ததும் இல்லை. வாயைத் திறந்தேன். டயானா பார்த்தாள்.

இன்னும் கொஞ்சம் பிரியாணி வைக்கச் சொன்னேன்.