தாட்சா துறையில் சங்கிலி மேல் சங்கிலி

தாட்சா துறை,
அக்டோபர், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் நெஸ்ரினுக்கு அம்மா எழுதுவது. படகில் நாங்கள் மூன்று பேரும் நான்காவதாகப் பூனையும் அல்லாவின் கருணையால் சௌக்கியம், கனடாக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் தினமும் கேட்டுக்கொள்கிறேன். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு நான் சொல்வதையெல்லாம் திருத்துவார், அதனால் இதைக் காகிதத்தில் எழுதுகிறேன். அவர் கரையில் இறங்கி டீக்கடை ரெம்ஸியோடு பேசிக்கொண்டிருக்கிறார், உன் தங்கை துலாய் கீழே கணக்குப் பரீட்சைக்குப் படிப்பதாகச் சொல்லிக்கொண்டு தூங்குகிறாள். கழிவறைப் பம்பு மறுபடியும் மக்கர் செய்கிறது, மற்றபடி குறை ஒன்றும் இல்லை.

நீ பதறாமல் படி. எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகுதான் எழுதுகிறேன். அப்பாவின் கண்ணில் புரை விழுந்திருந்தது, இரண்டு கண்ணிலும். எனக்கு வசந்த காலத்திலேயே சந்தேகம் தட்டியது. ஒருநாள் எல்லோரையும் கூப்பிட்டு, ஆமை பார், ஆமை பார் என்று ஒரே ஆர்ப்பாட்டம் செய்தார், போய்ப் பார்த்தால் தண்ணீரில் கறுப்புப் பிளாஸ்டிக் பை. துலாய் விழுந்து விழுந்து சிரித்தாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. டாக்டரைப் பார்க்கலாம் என்றால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துக் காட்டி, "கண்ணுக்கு என்ன கேடு, உப்புக்காத்துல கண்ணாடிதான் மங்கிப்போச்சு" என்பார். ஏன் அப்படி அடம்பிடித்தார் என்று எனக்குத் தெரியாதா? கண் சரியில்லை என்று ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டால் படகை விற்கச் சொல்லி நீ பிடித்த பிடியை விடமாட்டாய், அப்புறம் நான்காவது மாடியில் ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்துவிட வேண்டியதுதான் என்று அவருக்குப் பயம். உன்னைக் குறை சொல்லவில்லை கண்ணு, நீ எங்கள் நல்லதுக்குத்தான் சொன்னாய். ஆனால் எங்களுக்கு இது ஒன்றுதானே வீடு.

போன மாதம் இந்தத் துறைக்கு வந்து சேர்ந்த சாயங்காலம் நல்ல கூட்டம். எப்போதும்போல நான் சுக்கானைப் பிடித்துப் படகைப் பின்பக்கமாகக் கரைக்குக் கொண்டுபோனேன், அப்பா முன்முனையில் நின்று நங்கூரத்தைப் போட்டார். போட்ட இடம்தான் வினை. பக்கத்துப் பெரிய படகின் சங்கிலிக்குக் குறுக்கே போட்டுவிட்டார். அது ஹிக்மெத்தின் படகு, சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு போவானே, உன்னோடு நீச்சல் பந்தயம் வைத்துத் தோற்றவன், அவன்தான். அவன் அங்கிருந்தே, "நெஜாத் அண்ணே, உங்க சங்கிலி என் சங்கிலி மேல ஏறி உக்காந்திருக்கு, எடுத்துத் திருப்பிப் போடுங்க" என்று கத்தினான். இவர் விடுவாரா? "போடா, உன் கண்ணுலதான் கோளாறு" என்று பதில் கொடுத்துவிட்டுக் கீழே வந்து சூப் கேட்டார். ஹிக்மெத்தும் பெரியவரை எதிர்த்துப் பேச வேண்டாமென்று விட்டுவிட்டான்.

மறுநாள் காலையில் அப்பா ரொட்டி வாங்கப் போயிருந்தார். ஹிக்மெத் ஆட்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டான், அவன் நங்கூரத்தைத் தூக்கத் தூக்க எங்கள் நங்கூரமும் அதோடு சேர்ந்து மேலே வந்துவிட்டது, படகைக் கரையில் மோதாமல் தள்ளிப் பிடிக்க வேறொன்றும் இல்லை. காற்று வேறு எழுந்திருந்தது. நான் அடுப்பில் தேநீர் வைத்துக்கொண்டிருந்தேன், தரை நகர்வதுபோல இருந்தது, ஏறி வந்து பார்த்தால் கரைக்கல் படகின் பின்பக்கத்தை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. சுக்கான் பலகை கல்லில் மோதினால் முறிந்துவிடும், அதோடு எங்கள் குடித்தனமும் முறிந்தது. இன்ஜினைப் போட்டு முன்பக்கம் தள்ளினேன். துலாய் இரவு உடுப்போடேயே ஓடி வந்து இடி தாங்க இருக்கிற மிதவையையெல்லாம் பின்னால் தொங்கவிட்டாள். ஹிக்மெத் தன் படகின் முனையில் தொங்கிக்கொண்டு, "பயப்படாதீங்க ஃபெரிஹா அக்கா, உங்க நங்கூரம் என் கைல பத்திரமா இருக்கு, இன்ஜினை மட்டும் விட்டுராதீங்க" என்று கத்துகிறான். அடுத்த படகு ஜெர்மன்கார அம்மாள், அவளுக்கு நம் பாஷை ஒரு வார்த்தை தெரியாது, எங்கள் பக்கவாட்டில் கயிறு எறிந்து இழுத்துப் பிடித்துக்கொண்டாள். ரெம்ஸி தேநீர்த் தட்டைத் தரையில் வைத்துவிட்டுக் கல்லில் உட்கார்ந்து இரண்டு காலாலும் படகை உதைத்துத் தள்ளினான் பார், அந்தக் கால்களுக்கு நான் என்ன செய்து தீர்ப்பேன்? ஹிக்மெத் எங்கள் நங்கூரத்தைக் கயிற்றில் கட்டித் தூக்கி, தன் சங்கிலியை உருவிக்கொண்டு, எங்களுடையதை ஆழத்துக்குக் கொண்டுபோய் நேராகப் போட்டுவிட்டுத்தான் போனான். ஏறியிருந்த ஆட்கள் நேரமாகிறதென்று முணுமுணுத்தார்களாம், "அக்கா வீடு கல்லுல மோதப் போகுது, உங்களுக்குக் கடல்ல குளிக்கிற அவசரமா" என்று கேட்டானாம்.

இதையெல்லாம்விட என்னைக் கலக்கியது வேறு. அமளி நடக்கும்போதே அப்பா ரொட்டியோடு வந்து துறை மேட்டில் நின்றிருக்கிறார். சத்தம் கேட்டு ரெம்ஸியிடம், "அடப்பாவமே, யாரு படகுப்பா அது?" என்று கேட்டிருக்கிறார். ரெம்ஸி திரும்பிப் பார்த்து, "அண்ணே... உங்க படகுதான்" என்றானாம். அவன் அதற்கப்புறம் யாரிடமும் இதைச் சொல்லவில்லை, அப்பாதான் என்னிடம் சொன்னார். படகு நின்ற பிறகு இறங்கிப் போய்ப் பார்த்தேன், கயிறு கட்டும் கல்லின் மேல் ரொட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் திட்ட வாயெடுத்தேன். அதற்குள், "என் வீடே எனக்குத் தெரியல ஃபெரிஹா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றார். திட்டை விழுங்கிவிட்டேன்.

மார்மரிஸ் ஆஸ்பத்திரியில் புரையை எடுத்தார்கள். டாக்டர் ஒரு சின்னப் பெண், உன் வயதுதான் இருக்கும், கை தங்கமான கை. முதலில் வலது கண், இன்னொன்று நவம்பரில். கட்டு அவிழ்த்து வந்ததும் அப்பா படகைச் சுற்றிச் சுற்றி வந்தார், நான் பின்னாலேயே போனேன். "எந்த மடையன் இப்படித் திட்டுத் திட்டா வார்னிஷ் அடிச்சான்?" என்று ஒரு சத்தம். நீங்கதான், போன வசந்தத்தில், என்றேன். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. நெஸ்ரின், அந்தக் கோபத்தைப் பார்த்து எனக்கு உண்டான சந்தோஷத்தை எப்படி எழுதுவேன்? துறையில் ஒருவர் பாக்கியில்லாமல் வந்து, வந்த கஷ்டம் கடந்து போகட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள், பாதாம் கொண்டுவந்தார்கள், ஜெர்மன்கார அம்மாள் கேக் சுட்டுக் கொண்டுவந்தாள், கொஞ்சம் கருகியிருந்தது, ஒரு துண்டு விடாமல் தின்றோம். இத்தனை மனிதர்களை எங்களுக்குக் கொடுத்தவனுக்கு நன்றி சொல்லி மாளவில்லை.

நேற்று டீசல் போட்டுக்கொண்டு திரும்பினோம். நான் சுக்கானுக்குப் போனேன். அப்பா முனைக்குப் போவார் என்று பார்த்தால், துலாயைக் கூப்பிட்டு நங்கூரத்தை நீ போடு என்று சொல்லிவிட்டு என் எதிரே வந்து உட்கார்ந்துகொண்டார். மறுபடி மங்குகிறதா என்று கேட்டேன். "இல்ல, நல்லாத் தெரியுது, அதனாலதான் வந்தேன். கல்யாணம் ஆனதுலேர்ந்து முன்னாடி நின்னு சங்கிலியவே பாத்துக்கிட்டு இருந்துட்டேன், உனக்கு முதுகைக் காட்டிக்கிட்டே காலம் ஓடிப்போச்சு. நீ படகைத் திருப்புற அழகை ஒரு தடவைகூடப் பாக்கல. இன்னைக்குப் பாக்கணும்" என்றார். எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டது, கரையே தெரியவில்லை. இடது பக்கம் கொஞ்சம், போதும், இப்போ நேரா, மெதுவா என்று அவர்தான் பார்த்துப் பார்த்துச் சொன்னார். அப்படித்தான் கரை சேர்ந்தோம்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, கம்ப்யூட்டர் முன்னால் பழியாகக் கிடக்காதே. இந்தப் புரை குடும்பத்தில் வரும் என்று டாக்டர் சொன்னாள், நீயும் ஒருமுறை போய்க் காட்டு, மறக்காதே. அல்லா உனக்கு நல்ல மனிதர்களைப் பக்கத்தில் கொடுக்கட்டும். தங்கை உன் கன்னத்தைக் கிள்ளச் சொல்கிறாள். அப்பாவும் நானும் உன் இரண்டு கண்களிலும் முத்தமிடுகிறோம்.

உன் அம்மா,
ஃபெரிஹா