தண்ணீர் வளர்க்கும் யூசுப்

11 ஜூலை 2008, வெள்ளி

என் மனைவியின் தம்பி யூசுப் முடிச்சூர் வீட்டில் கடல் மீன் தொட்டி வைத்து மூன்று வாரம் ஆகிறது. உள்ளே உப்புத் தண்ணீர், மணல், நாலைந்து கடல் பாறை. மீன் இல்லை. "தண்ணி வளர்க்கிறான்" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தது நான்தான்.

இன்று பல்லாவரம் கடையில் ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட மீன் இரண்டு வாங்கிக்கொண்டு போய் நின்றேன். அவன் மகள் ஆயிஷா குதித்தாள். யூசுப் தொட்டித் தண்ணீரைச் சின்னக் குப்பியில் எடுத்து சோதனை மருந்துச் சொட்டு விட்டுக் குலுக்கினான். பச்சையாக மாறியது.

"புதுத் தொட்டித் தண்ணியில விஷம் ஊறும், அடங்க நாளாகும். இன்னும் இருக்கு மச்சான். இப்ப விட்டா செத்துடும்."

"ரெண்டே ரெண்டு மீன்தானேடா!"

"அதுங்களுக்கு உசுரு ஒண்ணுதானே."

ஆயிஷா அழுதாள். அவன் மசியவில்லை. என்மேல் கோபப்படவும் இல்லை. மீன் பையைத் துண்டில் சுற்றி என் கையில் கொடுத்தான். என்னைப் பின்னால் உட்காரவைத்து, பல்லாவரம் டிராஃபிக்கில் குலுங்காமல் பைக் ஓட்டி, கடையிலேயே திருப்பிக் கொடுத்தான். "இந்த ஜோடி எங்களுக்குத்தான், வச்சிருங்கண்ணா" என்று கடைக்காரரிடம் சொன்னான். என்ன பொறுமை இவனுக்கு!

வீட்டுக்கு வந்ததும் ஆயிஷாவை மடியில் வைத்துக்கொண்டு பாறைமேல் டார்ச் அடித்தான். கடுகளவு வெள்ளைப் பூ ஒன்று விரிந்திருந்தது. கண்ணாடியைத் தட்டியதும் சட்டென்று உள்ளே போய்விட்டது. பூ இல்லை, உயிர். யாரும் வாங்கி விட்டதில்லை, பாறையோடு வந்தது.

ஆயிஷா அதுபோல் ஏழு எண்ணினாள். எட்டாவதைக் கண்டுபிடித்தது நான்தான்.