மயில் கழுத்து அம்பாசடர்

3-5-83, செவ்வாய்

கத்திரி நாளைக்குத்தான். வெயில் இன்றைக்கே வந்துவிட்டது. ஆபீசில் ஃபேன் ரிப்பேர். ஃபைல் அட்டையால் விசிறியே கை வலி.

வரும் ஞாயிறு வேலூருக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போக வேண்டும். பையன் பாங்கில் கிளார்க். நல்ல இடம். பெண் செல்விக்கும் பிடித்துவிட்டது. தரகரிடம் ‘சொந்தக் கார் இருக்கிறது’ என்று வாயை விட்டுவிட்டேன். பொய் இல்லை. ஏழுமலை அண்ணன் டாக்சி ஓட்டுவதை விட்ட பிறகு அம்பாசடரை என் பேருக்கே மாற்றிவிட்டார். ஆனால் உடம்பெல்லாம் கறுப்பு, மேலே மஞ்சள்.

போன வாரம் சந்தவாசலில் ஒருவர் கை காட்டினார். தெரிந்தவராக்கும் என்று அண்ணன் நிறுத்தினார். அந்த ஆள் பின் கதவைத் திறந்து என் மனைவி கமலா பக்கத்தில் உட்கார்ந்தேவிட்டார். “போளூருக்கு எவ்ளோ கேக்கற?” அண்ணனுக்குச் சிரிப்பு. எனக்கு மானம் போயிற்று.

ஞாயிறுக்குள் பெயிண்ட் அடித்தே ஆக வேண்டும். வேலூரில் விசாரித்தேன். அந்த விலைக்கு இன்னொரு பழைய காரே வாங்கலாம்.

4-5, புதன்

பாஷா பாய் ஒத்துக்கொண்டார். லாரி பாடிக்குப் பெயிண்ட் அடிப்பவர். பழைய பெயிண்டை நாமே தேய்த்து எடுத்துக் கொடுத்தால் கூலி பாதிதான்.

கலருக்கு மாதிரி கேட்டார். மயில் கழுத்துதான் வேண்டும் என்றாள் கமலா. தன் கல்யாணப் பட்டின் ரவிக்கையிலிருந்து ஒரு துண்டு வெட்டித் தந்தாள். ஆரணிக்காரிக்கு வேறு என்ன தோன்றும். கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ரேஷன் சர்க்கரை வந்திருக்கிறதாம். நாளை.

5-5, வியாழன்

அண்ணன் காலையிலிருந்து தேய்க்கிறார். உப்புத்தாள், ஒரு வாளித் தண்ணீர். மஞ்சள் கரைந்து வாசல் கோலத்தின் மேல் ஓடியது.

அப்பா போன பிறகு இந்த வண்டி ஓடித்தான் நான் பி.ஏ. முடித்தேன். தெருவுக்கே தெரியும். அண்ணி இறந்ததிலிருந்து அண்ணன் எங்களோடுதான்.

வலது கதவில் வெள்ளை எழுத்தில் அவர் பேர். ‘ஓனர் - டிரைவர்’ என்று கீழே. அதை மட்டும் கடைசிக்கு விட்டுவைத்திருந்தார். பிறகு அதையும் தேய்த்தார். சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கை கொடுத்திருக்கலாம். வேட்டி அழுக்காகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சர்க்கரை தீர்ந்துவிட்டதாம்.

7-5, சனி

பானெட், மேல்பக்கம், டிக்கி பச்சை. நாலு கதவும் நீலம்.

பாஷா பாய் துண்டை வெயிலில் பிடித்துக் காட்டினார். “இந்தாண்ட புடிச்சா நீலங்க, அந்தாண்ட புடிச்சா பச்ச. ரெண்டும்தான கீது, ரெண்டையும் அடிச்சிட்டேன்.”

அவர் மேல் என்ன தப்பு. பாவு நீலம், ஊடை பச்சை கொடுத்து நெய்தால்தான் மயில் கழுத்து. இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். பெயிண்டில் பாவும் ஊடையும் கிடையாது என்பதுதான் தோன்றவில்லை. பி.ஏ.வாம்.

தெருவில் தறியை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்கள். ஜரிகை எப்போது வைப்பீர்கள் என்று கேட்டான் ஒருவன். மறுபடி அடிக்க நாளும் இல்லை, வழியும் இல்லை.

அண்ணன் வண்டியைச் சுற்றி வந்தார். “நல்லாதான்டா கீது. இனிமே எவனும் டாக்சின்னு சொல்ல மாட்டான்.”

டாக்சி என்ற வார்த்தையை இத்தனை நாளில் அவரிடம் நான் எடுத்ததே இல்லை. என் மூஞ்சி சுண்டிப்போயிற்று.

8-5, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை.

அண்ணன்தான் ஓட்டினார். எனக்கு லைசென்ஸ் இல்லை. வண்டியை எடுத்தால் காக்கிச் சட்டை, அது அவர் பழக்கம். கிளம்பும்போதே மாற்றச் சொல்லியிருக்கலாம். இறங்கினதும் ‘வாங்கண்ணா’ என்று கூப்பிட்டிருந்தால்கூடப் போதும். நிழலில் நிறுத்திவிட்டு வருகிறேன் என்றார்.

பையனின் அப்பா வாசலுக்கே வந்தார். கலர் புது மாதிரியாக இருக்கிறது என்று பாராட்டினார். பிறகு, “டிரைவர் வண்டிலயே இருக்கட்டுங்க, காபி குடுத்தனுப்பறோம்.”

சரிங்க என்றேன். கமலா முழங்கையால் இடித்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

உள்ளே பேச்செல்லாம் சுமுகம். பையன் தங்கம். தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று.

“உங்க பக்கம் பெரியவங்க யாருங்க?”

“அப்பா இல்லீங்க. நான்தான்.”

வெற்றிலை பாக்குத் தட்டை நான் வாங்கினேன். வீட்டுக்கு மூத்தவர் வாங்க வேண்டியது. அவர் வேப்பமரத்தடியில் அவர்கள் வீட்டு டம்ளரில் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

வழியனுப்ப எல்லோரும் வெளியே வந்தார்கள். அண்ணன் என்னைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார். பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, “ஏறுங்க சார்” என்றார்.

ஏறினேன்.

கண்ணமங்கலம் தாண்டும் வரை அண்ணன் ரோட்டையே பார்த்து ஓட்டினார். பிறகு, பிரேக் கொஞ்சம் இழுக்கிறது, பார்க்க வேண்டும் என்றார்.

9-5, திங்கள்

லீவு. தலைவலி என்று எழுதிக் கொடுத்தனுப்பினேன்.

கமலா சோறு போடுகிறாள். தட்டை நகர்த்திவிட்டுப் போய்விடுகிறாள்.

செல்வி பெரியப்பாவைப் பிடித்துக்கொண்டாள். வீடு எப்படி, மாமியார் எப்படி, என்ன பலகாரம். எல்லாம் கண்ணால் பார்த்த மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். கேசரியில் முந்திரி அதிகமாம்.

“தட்டு நீங்கதான பெரிப்பா வாங்கனீங்க?”

“பின்ன? வேற யாரும்மா வாங்குவாங்க?”

அறைக்குள் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். சே, நானும் ஒரு மனுஷன்.

சாயங்காலம் அண்ணன் கதவருகே வந்து நின்றார். அடுத்த ஞாயிறு அவர்கள் பூ வைக்க இங்கே வருகிறார்கள். அதைத்தான் கேட்க வந்தார்.

“அன்னிக்கும் நான் காக்கிச் சட்டயே போட்டுக்கட்டுமாடா?”

குத்திக்காட்டவில்லை. நிஜமாகத்தான் கேட்டார். அதற்குச் செருப்பால் அடித்திருக்கலாம்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.