குழாயில் இரண்டு தட்டு

அக்டோபர் 9

அறையைச் சூடாக்கும் பழைய ரேடியேட்டர் போய்விட்டது. அத்தனையும் இரும்பு. இரண்டு ஆட்கள் அதை ஐந்து மாடி இறக்குவதற்குள் என்னென்ன வசவு! பெரிய அறையில் இப்போது வெள்ளை அலுமினியம் பளபளக்கிறது. தாஸ்தான் அஸ்தானாவிலிருந்து ஏற்பாடு செய்து அனுப்பியது. மகன் வருவான் என்று பார்த்தால் ரேடியேட்டர் வருகிறது. சரி, அதாவது வந்ததே.

தரைக்கும் கூரைக்கும் ஓடிய இரும்புக் குழாயையும் வெட்டிவிட்டு பிளாஸ்டிக் போட்டார்கள். ரேடியேட்டருக்குப் பக்கவாட்டில் ஒரு சின்ன இணைப்புக் குழாய் இருந்ததே, அது எங்கே என்று கேட்டேன். "அது பழங்காலத்து வேலைம்மா. அது இருந்தா உங்களுக்கு வர்ற சூடு பாதி வெளியில போயிடும்" என்றான் ஒருவன். எனக்கென்ன தெரியும்? தலையாட்டினேன்.

துளை போட்ட சத்தத்தில் கீழ்வீட்டு ஃப்ரீடா அக்கா கதவைத் திறந்து படிக்கட்டில் கத்தினார். "மைரா! என் தலையிலயே துளை போடறாங்களா? தொவச்ச துணியெல்லாம் புழுதி!"

"ஊர்ல இல்லாத துணி! ஒருநாள் பொறுக்கக் கூடாதா?" நானும் விடவில்லை.

அக்டோபர் 10

காலையில் தட்டினேன். பதில் இல்லை.

ஃப்ரீடா அக்காவின் கணவர் இறந்த குளிர்காலத்தில் தொடங்கிய பழக்கம் இது. பெரிய அறைத் திரையை விலக்கிவிட்டு நான் கரண்டியால் குழாயில் இரண்டு தட்டுவேன். கீழே தன் படுக்கையறையில் அதே குழாயில் அவர் மூன்று தட்டுவார். 'இருக்கேன், நீ?' 'நானும் இருக்கேன்.' எங்கள் பேச்சு அவ்வளவுதான். முட்டி வலி, அவரால் படியேற முடியாது. நான் இறங்கலாம். இறங்குவதில்லை.

இந்தப் புதுக் குழாய் டொக் டொக் என்கிறது. பழையது கணீரென்று இருக்கும்.

அக்டோபர் 11

இன்றும் இல்லை. ஒரு துணிக்காக இத்தனை கோபமா?

அக்டோபர் 15

நகரத்தின் கொதிகலனிலிருந்து வீட்டுக் குழாய்களுக்கு வெந்நீர் விட்டுவிட்டார்கள். மற்ற அறைகளில் கதகதப்பு. பெரிய அறையில் மட்டும் ரேடியேட்டர் வயிறு சரியில்லாத குழந்தை மாதிரி களக் களக் என்கிறது. மேலே சில்லென்று இருக்கிறது, கீழே மட்டும் சூடு.

தாஸ்தானை அழைத்தேன். "காத்து அடைச்சிருக்கும்மா. கடைசி மாடின்னா அப்படித்தான். ஓரத்துல ஒரு சின்னத் திருகு இருக்கு பாரு, அதத் தெற." திறந்தேன். புஸ்ஸென்று காற்று, பிறகு கறுப்புத் தண்ணீர், சுவர்க் காகிதம் முழுக்க. துடைத்தபடியே சிரித்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. கரண்டியை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

அக்டோபர் 17

பெரிய அறை நீராவிக் குளியல் விடுதி மாதிரி கொதிக்கிறது. யாருக்காக? நான் சமையலறையில் வாழ்கிறேன், சின்ன அறையில் தூங்குகிறேன். பெரிய அறை தாஸ்தான் வந்தால் படுப்பதற்கு. அவனுக்குப் போன் செய்தேன். "சூடா இருந்தா குழாயில இருக்கற திருகை மூடிடும்மா, அதுக்குத்தான் வச்சிருக்கு" என்றான். முன்பெல்லாம் ஜன்னலைத் திறந்து வைப்போம். இப்போது ஒரே திருகு. மூடிவிட்டேன். என்ன சுகம்!

"எப்போ வர்றே?" என்றேன்.

"பாக்கலாம்மா."

அக்டோபர் 19

தட்டவில்லை. எப்போதும் நானேதான் தொடங்க வேண்டுமா? அவருக்குக் கை இல்லையா?

அக்டோபர் 21

எண்ணெயில் பவுர்சாக் உருண்டைகள் பொரித்தேன். கை தவறி மாவு அதிகமாகிவிட்டது. மிச்சத்தைத் தட்டில் வைத்து மூடிக்கொண்டு கதவு வரை போனேன். செருப்பையும் மாட்டினேன். "வாடி மகாராணி, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று கேட்பார். திரும்பிவிட்டேன். நாளெல்லாம் நானே தின்று வயிறு மந்தம்.

அக்டோபர் 22

வெளியே பனி. கடைக்காரப் பெண்ணிடம் "ரொட்டி ஒண்ணு" என்றேன். இன்று நான் பேசிய பேச்சு அதுதான்.

அக்டோபர் 24

எப்படி எழுதுவேன்?

காலையில் கட்டடத்தின் குழாய்க்காரர் ரினாத் வந்தார். முதல் மாடியிலிருந்து நான்காவது வரை இந்த வரிசை அறைகளில் எல்லாம் ஐஸ்கட்டியாம். வெந்நீர் விட்ட தொடக்கத்தில் எப்போதும் இப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் பொறுத்துப் பார்த்திருக்கிறார்கள். நேராகப் பெரிய அறைக்குப் போனவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"இதை யாரு மூடினது?"

"நான்தான். சூடா இருந்துச்சு."

"அக்கா, தண்ணி உங்க வீடு வரைக்கும் ஏறி, இங்கிருந்துதான் எல்லாருக்கும் எறங்கணும். பக்கத்துல ஒரு சின்னக் குழாய் இருந்திருக்குமே, நீங்க மூடினாலும் தண்ணி அது வழியா போயிருக்கும். அதையும் வெட்டிட்டாங்களா? மொத்த வரிசையையும் அடைச்சு வச்சிருக்கீங்க!"

அவர் திருகைத் திறப்பதற்குள் நான் படியில் இருந்தேன்.

ஃப்ரீடா அக்காவின் கதவு பூட்டியிருக்கவில்லை. சமையலறையில் வெதுவெதுப்பு இருந்தது. அவர் அங்கே இல்லை. படுக்கையறையில், மூச்சு புகையாகத் தெரிகிற அந்த அறையில், கோட்டும் இரண்டு கம்பளிச் சால்வையுமாகக் குழாய்க்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் அகப்பை. குழாயில் ஒரு சாண் நீளத்துக்குப் பெயிண்ட் உரிந்திருந்தது.

"அடுப்பங்கரைல இருந்திருக்கலாமே அக்கா! இங்க ஏன்?"

"அங்க இருந்தா கேக்காதே" என்றார். இருமல். "மேல நீ நடக்கறது கேட்டுச்சு. தட்டறது மட்டும் கேக்கல. நான் எவ்வளவோ தட்டினேன். துணிக்காகக் கத்தினது தப்புதான்னு, மன்னிச்சுக்கோன்னு தட்டினேன்."

எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. அந்தப் பாழாப்போன பிளாஸ்டிக்! அதுல சத்தம் எங்க போகும், எங்க வரும்? அவங்க தட்டிக்கிட்டே இருந்திருக்காங்க. நான் மேல ரோஷத்தோட பவுர்சாக் தின்னுக்கிட்டு இருந்தேன். அய்யோ, பதினெட்டுப் படி! எறங்கறதுக்கு எனக்கு என்ன கேடு?

அவர் நெற்றி அனலாகக் கொதித்தது. ஆம்புலன்ஸை அழைத்தேன்.

அக்டோபர் 25

நெஞ்சில் சளி கட்டியிருக்கிறதாம். வயதாகிவிட்டது, எதையும் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். ஃப்ரீடா அக்கா வீட்டுச் சாவியை என் கையில் திணித்து, "செடிக்குத் தண்ணி ஊத்து. நெறைய ஊத்திக் கொன்னுடாத" என்றார். திட்டுகிறார். திட்டட்டும்.

அக்டோபர் 30

ரினாத் வந்து பிளாஸ்டிக்கை வெட்டி எறிந்தார். அந்தச் சின்ன இணைப்புக் குழாயையும் போட்டுவிட்டார். "பிளாஸ்டிக்லயே போட்டுடறேன், சீக்கிரம் முடியும்" என்றார்.

"இரும்புதான். மேல கீழ ரெண்டு பக்கமும் பத்த வச்சுக் குடு. சத்தம் போகணும்."

"எல்லாரும் சத்தம் வரக்கூடாதும்பாங்க. நீங்க ஒருத்தர்தான் சத்தம் வேணும்னு கேக்கறீங்க" என்று சிரித்தார்.

அக்டோபர் 31

சத்தம் போகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒருவர் மேலே, ஒருவர் கீழே வேண்டும். இருப்பதோ நான் ஒருத்தி.

தாஸ்தானை அழைத்து, போனை ரேடியேட்டர்மேல் வைத்தேன். "பேசாம கேட்டுக்கிட்டே இரு" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். ஃப்ரீடா அக்காவின் அகப்பையால் அவருடைய குழாயில் மூன்று தட்டினேன். மூச்சு வாங்க ஏறி வந்தேன்.

"கேட்டுச்சும்மா. மூணு. யாரு தட்டினது?"

"நான்தான்."

"அப்போ வீட்டுல யாரு?"

"யாரும் இல்ல. அதான் உன்னக் கேக்கச் சொன்னேன்."

அவனுக்கு மீட்டிங் இருக்கிறதாம்.

நவம்பர் 4

ஆஸ்பத்திரி. கஞ்சி இரண்டு வாய் குடித்தார். ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நவம்பர் 7

பழக்கதோஷம். காலையில் இரண்டு தட்டினேன். கணீரென்று கீழே போயிற்று. கீழே யாருமில்லை என்று தெரியும். தெரிந்தும் நின்றேன்.

நவம்பர் 13

நேற்று மாலை ஃப்ரீடா அக்காவை வீட்டில் விட்டார்கள். படியில் இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். பாதியாகிவிட்டார். "போ, போய் உன் வேலையப் பாரு" என்று விரட்டினார்.

இன்று திரையை விலக்கினேன். கரண்டி கையில். தூங்கினால் எழுப்பிவிடுவேனோ என்று தயங்கினேன். பிறகு இரண்டு தட்டினேன், மெதுவாக.

நெடுநேரம் ஒன்றும் இல்லை.

பிறகு வந்தது. மூன்று அல்ல, ஒன்றே ஒன்று. அதற்கு மேல் கையைத் தூக்க முடியவில்லைபோல.

கரண்டியை வைத்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.