மேட்டுக்குப் போன நெருப்பு

இன்று காலை கம்பெனி வாசலில் வாட்ச்மேன் தகர டப்பாவில் கரி மூட்டிக் குளிர் காய்ந்துகொண்டிருந்தார். தூறல் வலுத்ததும் பக்கத்தில் கிடந்த ஈரச் சாக்கை எடுத்து அதன்மேல் போட்டார். சாக்கு கருகும் வாடை எழுந்தது. பால் வாங்கப் போன நான் பாத்திரத்தோடு அங்கேயே நின்றுவிட்டேன். உன் தலைமுடியில் பல நாள் போகாமல் இருந்த வாடை அது.

நீ போன பிறகு வரும் இரண்டாவது மழைக்காலம் இது. நம் மகன் தான் வேலை பார்க்கும் கஞ்சிக்கோட்டுக்கு என்னைக் கூட்டி வந்துவிட்டான். எங்கள் குவார்ட்டர்ஸைச் சுற்றிச் சமதளம்தான். மலை தூரத்தில் நீலமாகத் தெரிகிறது, அவ்வளவுதான். ஆனாலும் மழை தொடங்கும் முன்பே மூட்டையைக் கட்டிக் கதவோரம் வைத்துவிட்டேன். மருமகள் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண் அல்லவா. "ஏனுங்க மாமா, இந்த ஊட்டு மேல எந்த மலைங்க வந்து உழுகப்போகுது?" என்று கேட்கிறாள். சிரித்தபடிதான் கேட்கிறாள். நான் மூட்டையின் முடிச்சை இன்னொரு தடவை இறுக்குகிறேன்.

மூட்டையில் அதே சாமான்கள். அரிசி, வெல்லம், மெழுகுத்தாளில் சுற்றிய தீப்பெட்டி, ரேஷன் கார்டு, டார்ச் லைட். பள்ளிவாசல் என்ற மலையூருக்கு மேலே எஸ்டேட் லயத்தில் இருந்த காலத்தில் ஒவ்வொரு மழைக்கும் இதைக் கட்டுவேன். நீ அரிசியை அளந்து கொடுத்துவிட்டுச் சொல்வாய்: "உங்க மூட்டைக்குக் காலு மொளச்சிருந்தா நம்மள விட்டுட்டு அதுவே மேட்டுக்கு ஏறிப் போயிரும்."

ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள். பின்னால் ஓடை, அதற்கும் பின்னால் தேயிலைச் சரிவு. எஸ்டேட் பள்ளிக்கூடம் எதிர்ப்பக்கத்து மேட்டில் பாறைமேல் நின்றது. நான் அங்கே வாத்தியார் என்பதால் சாவி என்னிடம் இருந்தது. மழை விடாமல் அடித்தால் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு ஏறிவிட வேண்டும் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லி வைத்திருந்தேன். ஒரு வருஷம் இரண்டு முறை ஏற்றியும் விட்டேன். இரண்டு முறையும் மலை அசையவில்லை. முதல் தடவை சிரித்தார்கள். இரண்டாம் தடவை சிமெண்ட் தரையில் படுத்த பக்கத்து வீட்டுப் பேச்சியின் கைக்குழந்தைக்குச் சளி கட்டிக் காய்ச்சல் வந்துவிட்டது. அதன் பிறகு யாரும் சிரிக்கவும் இல்லை.

"சார்வாள், மலை உங்க காதுல மட்டும் சொல்லிட்டுத்தான் எறங்குமோ?" என்றார் கங்காணி, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் எல்லோரும் கேட்கும்படி. என்னால் நிமிர முடியவில்லை. அன்று வீட்டுக்கு வந்து உன்னிடம் கேட்டேன், இது முன்யோசனையா அல்லது வெறும் பயமா என்று. நீ முறத்தை வைத்துவிட்டுச் சொன்னாய்: "பயந்தாப் பயந்துட்டுப் போங்க. தனியாப் பயப்படாதீங்க. நாலு பேரையும் கூட்டிட்டுப் பயப்படுங்க."

மூன்றாம் முறை வந்தது ஒரு பகல்வேளை. மழையால் கொழுந்து பறிக்கும் வேலை இல்லை. எல்லோரும் லயத்தில் இருந்தார்கள். காலை முழுவதும் செங்காவியாக இரைந்து ஓடிய ஓடை திடீரென்று வற்றத் தொடங்கியது. மழை மட்டும் குறையவில்லை. மேலே எங்கோ மண் சரிந்து தண்ணீரை அடைத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. லயத்துக்குத் தோன்றியது வேறு. வெள்ளம் அடித்து வந்த மரக்கட்டைகள் ஓடையில் சிக்கிக் கிடந்தன. மழைக்குத் தலையோடு போர்த்தும் கொங்காணியைப் போட்டுக்கொண்டு ஆணும் பெண்ணும் ஓடைக்குள் இறங்கி இழுக்கத் தொடங்கினார்கள். மழைக்காலத்தில் அந்த மலையில் விறகைவிடப் பெரிய சொத்து ஏது.

கரையில் நின்று கூப்பிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. கேட்டவர்களும் திரும்பவில்லை. உள்ளே வந்து, "ஒருத்தரும் வரலை" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அந்த மாதங்களில் தீப்பெட்டியெல்லாம் நமுத்துப்போகும். உன் அடுப்பு ஒன்றுதான் அணையாது. லயம் முழுவதும் கொட்டாங்கச்சியோடு வந்து உன்னிடம்தான் கங்கு வாங்கும். நீ அடுப்பில் இருந்த கங்கையெல்லாம் மண்சட்டியில் வாரினாய். தகரத்தால் மூடினாய். ஈரச் சாக்கைச் சும்மாடாகச் சுற்றித் தலையில் வைத்து அதன்மேல் சட்டியை ஏற்றினாய். அடுப்பில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு வெளியே வந்தாய்.

"நெருப்பு மேல போவுது. வேணுங்கறவங்க வந்து எடுத்துக்கோங்க" என்றாய். கத்தக்கூட இல்லை.

ஓடையிலிருந்து பேச்சி நிமிர்ந்தாள். "மதினி, நெருப்பைத் தூக்கிட்டுப் போயிட்டா நாங்க எங்க ஒல வைக்க?"

"பானையோட வா."

"இந்த மழையிலயா? ஒங்களுக்கும் சார்வாள் கிறுக்கு புடிச்சிருச்சா?"

"ஆமா, புடிச்சிருச்சு. புள்ளையக் கம்பளியில சுத்தித் தூக்கிட்டு வா."

நீ திரும்பிப் பார்க்காமல் நடந்தாய். நான் மூட்டையோடு பின்னால் வந்தேன். பாதி மேட்டில் திரும்பிப் பார்த்தேன். வைதுகொண்டேதான் வந்தார்கள். தலையில் பானை, இடுப்பில் குழந்தை. நனைந்த விறகை வைத்துக்கொண்டு நெருப்பில்லாமல் என்ன செய்வார்கள்?

பள்ளிக்கூடத்துக்குக் கடைசியாக வந்தவர் கங்காணி. வாயில் பற்றவைக்காத பீடி. "ஒரு பீடிக்கு இம்புட்டு ஏத்தம் ஏற வச்சிட்டியே தாயி" என்று சொல்லிக் கங்கை ஊதக் குனிந்தார். அந்தச் சத்தம் அப்போதுதான் கேட்டது. லாரி லாரியாகக் கல்லைக் கொட்டுவதுபோல வந்தது. ஓடையும், கட்டைகளும், லயத்தின் பாதியும் சேற்றுக்கு அடியில் போயின. ஆடுகள் போயின. மனிதர் ஒருவரும் போகவில்லை. கங்காணியின் பீடி பற்றவே இல்லை. அதை வாயிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

உன் உச்சந்தலையில் கொப்புளம் கண்டிருந்தது. எண்ணெய் தடவிவிட்டபோது, "மூட்டையில எல்லாம் வச்சீங்க, மருந்து வைக்கலையே" என்றாய். அன்று முதல் களிம்பும் வைக்கிறேன்.

மறுபடியும் வீடு வீடாகப் போய்ச் சொல்வதை நினைத்தாலே இப்போது களைப்பாகத்தான் இருக்கிறது. இங்கே சமதளம் என்று எழுதினேன். முழு உண்மை அல்ல. கம்பெனிக்குப் பின்னால் ஆற்றங்கரைப் பள்ளத்தில் கூலிவேலைக்கு வந்தவர்கள் குடிசை போட்டிருக்கிறார்கள். போன வாரம் போய்ச் சொன்னேன். தண்ணீர் ஏறினால் கம்பெனி ஷெட்டுக்கு வந்துவிடுங்கள் என்று. மரியாதையாகத் தலையாட்டினார்கள். டீ கொடுத்தார்கள். வரமாட்டார்கள். எனக்குத் தெரியும், அந்தத் தலையாட்டலை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

உன்னைப்போல் என்னால் முடியாது. இங்கே என் அடுப்பை நம்பி யாரும் இல்லை. அதனால் இன்று பாலைக் கொடுத்துவிட்டு, குடையோடு மறுபடியும் பள்ளத்துக்குப் போனேன். அவர்களுக்கு எது இல்லாமல் ஒரு பொழுதுகூடத் தள்ளாது என்று இந்த முறை கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று போனேன். பதில் இன்னும் பிடிபடவில்லை. நாளையும் போவேன். மழை இன்றும் விடவில்லை.